ஆசிட் ஊற்றிய தரை

டைல்ஸ் ஒட்டியவர்கள் மூட்டை கட்டிய பிறகு, டைல்ஸுக்கு நடுவே கோடுகோடாய்த் தெரியும் இடைவெளிகளை நிரப்ப வருகிறவள் அவள். அதனால் வேலையிடத்தில் எல்லோருக்கும் கோடு அக்கா. வயது நாற்பத்தாறு. கணவன் ஒருநாள் அவள் தலையைக் கதவு நிலையில் மோதியதில் இடது காது அடைத்துப்போனது. மறுவாரமே மகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட்டாள். யாராவது கேட்டால், கலவையைக் கிளறிக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்தது போலச் சொல்வாள்.

அந்த மாடிவீட்டு பாத்ரூமின் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் இறங்குகிறது என்று அவளை அழைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் லாரி கம்பெனியில் மேற்பார்வையாளர். வாட்டசாட்டமான ஆள், பேச்சில் மரியாதை. அவள் குந்தி உட்கார்ந்து ஒரு கோட்டைக் கீறினாள். ஒயிட் சிமெண்ட் ஈர உப்பு மாதிரி உதிர்ந்தது.

"ரெண்டு தடவை போட்டாச்சு. நிக்கவே மாட்டேங்குது," என்றார்.

"அது சுவருக்குச் சரி சார். தரையில தண்ணியக் குடிச்சுக் குடிச்சு விட்டுடும். கோட்டுக்குன்னே விக்கிற பவுடர் கிரௌட் இன்னும் கொஞ்சம் தாங்கும். இந்தத் தரைக்கு ரெண்டு பசையைக் கலந்து போடுற எப்பாக்சிதான். தண்ணியும் குடிக்காது, கறையும் ஏறாது."

"அப்போ அதையே போடுங்க."

அத்தோடு அவள் வாயை மூடியிருக்கலாம். தொழில் தெரிந்த பெருமை விடவில்லை. "ஆசிட் ஊத்திக் கழுவியிருக்கீங்க. சிமெண்டை அது தின்னுடும். பாதி சேதம் அதனாலதான்."

"அப்படியா?" என்று மட்டும் கேட்டார் அவர். கதவோரம் நின்ற மனைவியின் முகம் வெளுத்தது.

அவர் வெளியே போனதும் அந்தப் பெண் கிட்டே வந்தாள். "கோடு கருத்துப்போனா அடிப்பார் அக்கா. அதுக்குப் பயந்துதான் ஆசிட் ஊத்தினேன். இது கருக்காதுல்ல?"

"கருக்காது. கருக்கலன்னா அடிக்க மாட்டாரா?"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் அந்தப் பெண் உள்ளே போய்விட்டாள்.

அன்று கோடு அக்கா பழைய பூச்சு முழுவதையும் சுரண்டி எடுத்துக் காயவிட்டாள். மறுநாள் காலை, எழும்பி நின்ற இரண்டு டைல்ஸை ரப்பர் சுத்தியால் தட்டி அமர்த்திவிட்டு, எப்பாக்சியைக் கலந்தாள். கலந்தால் முக்கால் மணி நேரம். அதற்குள் நிரப்பித் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் கல்லாகிவிடும். பாதித் தரை முடிந்திருந்தபோது தடக்கென்று ஓர் அதிர்வு. காதைவிட முழங்கால்கள்தான் அதை முதலில் உணர்ந்தன. மறுபடியும் ஒன்று.

அவள் சுத்தியோடு எழுந்து போனாள்.

அடுத்த அறையில் வீட்டுக்காரர், மனைவியின் கூந்தலைக் கையில் சுற்றிப் பிடித்து, தலையை அலமாரியில் மோதிக்கொண்டிருந்தார். "எத்தனை பாட்டில் ஊத்தின? சொல்லு. கீழ்வீட்டுக்காரன் முன்னால என்னைத் தலைகுனிய வச்சுட்ட." அலமாரிக் கதவில் ரத்தம் வழிந்தது.

"சார், விடுங்க."

"உன் வேலையப் பாரு."

கூந்தலைப் பிடித்திருந்த மணிக்கட்டைக் குறிவைத்து, கோடு அக்கா சுத்தியால் அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் அவளுடைய மந்தக் காதுக்கே கேட்டது. அவர் மற்றக் கையை மடக்கி அவள் வாயில் குத்தினார். உதடு கிழிந்து விழுந்தவளின் விலாவில் எட்டி உதைத்தார். படுத்தபடியே முழங்காலைப் பார்த்து அவள் வீசிய சுத்தி அவரைச் சாய்த்தது. விழுந்தவர் அசையவில்லை, முனகினார். அதற்குமேல் அடிக்கத் தேவையே இல்லை. ஆனாலும் எழுந்து, அவர் தோளில் முழுப் பலத்தோடு இன்னொன்று போட்டாள். அது அந்த மனிதனுக்குச் சேரவேண்டிய அடி அல்ல. ஓங்கும்போதே அவளுக்கு அது தெரிந்திருந்தது.

அந்தப் பெண்தான் நெற்றி ரத்தத்தோடு வந்து கையைப் பிடித்தாள். "போதும் அக்கா."

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர் போலீசை அழைத்துவிட்டார். வீட்டுக்காரர் அந்த வலியிலும் கௌரவத்தை விடவில்லை. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்," என்றார்.

போலீஸ்காரர் மனைவியின் நெற்றியைப் பார்த்தார். "நீங்களும் வழுக்கினீங்களாம்மா?"

அவள் கணவனைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "இல்ல. இவர் அடிச்சார். பதினோரு வருஷமா அடிக்கிறார். நேத்து நெயில் கட்டரைக் காணோம்னு அடிச்சார்."

அதன்பின் வீட்டுக்காரரும் பேச்சை மாற்றி, கோடு அக்கா மேல் புகார் கொடுத்தார். வழக்கு இரண்டு வருடம் இழுத்தது. நீதிமன்றத்தில் அவள் மூன்று அடிகளையும் மறைக்காமல் சொன்னாள். அவளுடைய வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். வீட்டுக்காரருக்கு ஓராண்டுச் சிறை கிடைத்தது. அவளை எச்சரித்து விட்டுவிட்டார்கள். அந்தப் பெண் தங்கையோடு தங்கி, மருந்துக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள்.

கோடு அக்காவைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். கூப்பிட்ட ஓரிரு வீடுகளில், ஆண்கள் தள்ளி நின்றே பேசினார்கள். அதில் அவளுக்குக் குறையொன்றும் இல்லை. ஒரு மாலை, உதட்டுத் தழும்பைப் பார்த்துக்கொண்டே மகள் கேட்டாள், "அடிச்சதுல வருத்தம் இருக்காம்மா?"

"முதல் ரெண்டுக்கு இல்ல," என்றவள், நகக்கண்ணில் காய்ந்திருந்த எப்பாக்சியைச் சுரண்ட ஆரம்பித்தாள்.