ஜோடி நூல்

என் பழைய பிக்கப் வேன் மேடு ஏறத் திணறியதால் செவிலிமேட்டு மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். நரைத்த தாடி, கிரீஸ் ஏறிய நகங்கள். எஞ்சினில் காற்றை இழுக்கும் மெல்லிய ரப்பர் குழாயான வேக்குவம் ட்யூப் ஒவ்வொன்றையும் கழற்றுமுன் அதன் முனையிலும், அது மாட்டியிருந்த இடத்திலும் ஒரே நிறத்தில் பட்டு நூல் கட்டுவார். எல்லாம் தறி வீடுகளில் கழித்துப் போட்ட துண்டுகள்.

“முன்னெல்லாம் கண்ண மூடிக்கினு மாட்டுவேன்பா. இப்ப கழட்டினதும் எது எங்கன்னு மறந்துபோவுது.”

அவர் மணிக்கட்டிலும் ஒரு பச்சை நூல் இருந்தது. “கோயில் கயிறா?” என்று கேட்டேன்.

“இல்லப்பா. இதுக்கு ஜோடி எங்க வூட்டு கேட்டுல இருக்குது. எம் பொண்ணு கட்டிவுட்டா.”

சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் அடுத்த ட்யூபுக்கு நூல் தேடிக்கொண்டிருந்தார்.

பிறகு பட்டறை மூடியே கிடந்தது. போன வாரம் பட்டறைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கேட்டில் வெளுத்த பச்சை நூலைப் பார்த்தேன். வண்டியை நிறுத்த எனக்குத் துணிவு வரவில்லை.