இரைச்சல் குமிழ்

கிளமெண்டுக்குப் பாட்டு வராது. சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் அவன் வாயைத் திறந்ததுமே சிஸ்டர், "கண்ணு, நீ வாயத் தொறக்காம உதட்ட மட்டும் அசைடா, போதும்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு மூடிய வாய்தான். ஆனால் பங்குக் கோயிலின் வால்வு ஆர்கனுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் மனுஷன் வேறு ஆளாகிவிடுவான். பாடாத பாட்டையெல்லாம் விரலால் தீர்த்துக்கொள்வான்.

அது ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரம். மற்ற நாளில் அவனுக்கு வேலை விருத்தாசலம் பீங்கான் கம்பெனி ஒன்றில், மின்கம்பத்துக்கான இன்சுலேட்டர்களைப் பரிசோதிக்கிற பிரிவில். சூளையில் வெந்து வந்த பீங்கானுக்குக் கரண்டை ஏற்றிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான். கம்மென்று இருந்தால் தேறியது. லேசாக இரைந்தாலும் உள்ளே எங்கேயோ கீறல். தூக்கி ஓரம் போடு. இரைகிற சாமானையெல்லாம் கழித்துக் கழித்தே பழகிய காது அது. வீட்டில் ட்யூப் லைட்டு இரைந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. அந்தக் காதுதான் ஒருநாள் அவன் காலை வாரிவிட்டது.

ஆர்கன் எப்போதோ இருந்த வெள்ளைக்காரச் சாமியார் விட்டுவிட்டுப் போனது. பூசைக்கு முன்னால் ஜெபமாலை ஆரம்பிக்கும்போதே அதைப் போட்டுவிட வேண்டும். பழைய ரேடியோவில் இருப்பது போன்ற அதன் கண்ணாடி வால்வுகள் சூடேறிச் சிவக்க நேரம் பிடிக்கும். அதற்கு ஒரு தீராத சீக்கும் உண்டு. போட்ட நிமிடத்திலிருந்து அதன் ஸ்பீக்கர் அடித்தொண்டையில் ஒரே சீராக இரைந்துகொண்டே கிடக்கும். என்னென்னவோ மாற்றிப் பார்த்தும் கிளமெண்டால் அதை அடக்க முடியவில்லை. இரைச்சலைக் கழிக்கிற ஆள் வாசிக்கிற ஆர்கனே இரைகிறதே என்று அவனுக்கு உள்ளுக்குள் வெட்கம்.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் இருந்தது. பூசை தொடங்கச் சாமியார் உள்ளே வரும்போது பாடுகிற வருகைப் பாடலின் முதல் அடியை வெறும் வாயால்தான் எடுக்க வேண்டும். ஆர்கன் இரண்டாம் அடியில்தான் சேரும். அந்த முதல் அடி கிளமெண்டின் மனைவி மதலேனாவுடையது. யாரிடமும் சுருதி கேட்க மாட்டாள். கண்ணை மூடுவாள், எடுப்பாள், ஆர்கன் வந்து சேரும்போது இம்மி பிசகியிருக்காது. "மாதா அவ தொண்டையில சுருதிப்பொட்டிய வெச்சி அனுப்பியிருக்காங்க" என்று பாடற்குழுப் பெண்கள் சொல்வார்கள். மதலேனாவும் அப்படித்தான் நம்பினாள். மனசுக்குள் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

இரண்டாயிரத்து ஆறு கோடையில் ஆர்கனின் டிரான்ஸ்பார்மர் கருகியது. போகும்போது வால்வுகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சென்னை ரிச்சி தெருவில் பழைய வால்வு தேடி அலைந்து பார்த்த கிளமெண்ட் வெறுங்கையோடு வந்து சேர்ந்தான். மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர் துபாயிலிருந்து கொண்டு வந்திருந்த சின்னக் கீபோர்டை இரவல் வாங்கி வைத்தார்கள். சுத்தமான ஜப்பான் சாமான், ஒரு முனகல் கிடையாது.

அந்த ஞாயிறு மதலேனா கண்ணை மூடினாள், எடுத்தாள். கிளமெண்டின் விரல் வந்து சேர்ந்தபோது இரண்டும் ஒட்டவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்ததில் அவள் எடுத்த உயரத்துக்குக் கோயிலே சேர்ந்து கத்த வேண்டியதாயிற்று.

"சொரம் ஒன்னு தட்டிக் காட்டட்டுமா?" என்று வீட்டில் மெதுவாகக் கேட்டான் கிளமெண்ட்.

"இத்தினி வருசமா கேக்காதவ இப்ப கேக்கணுமா? என் கொரலு போயிடுச்சின்னு நீங்களே சொல்லிட்டுப் போங்களேன்!" மதலேனா மீனைக் கழுவிய தண்ணீரை விசிறி ஊற்றினாள்.

பங்குச் சாமியார் நல்லவர். நல்லவிதமாகவே சொன்னார். ஆகஸ்டு மாதா திருவிழாவுக்கு மறைமாவட்டத்துக்கே தலைவரான ஆயர் வருகிறார். அதற்குள் சரியாகாவிட்டால் முதல் அடியை அனிஷா எடுக்கட்டும் என்றார். அனிஷா பாடற்குழுவில் புதிதாகச் சேர்ந்த கல்லூரிப் பெண். மதலேனா, "சரிங்க ஃபாதர்" என்றாள். வீட்டுக்கு வந்ததும் பாட்டுப் புத்தகத்தை எடுத்து அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டாள். அது கிளமெண்டை அறுத்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

அவன் ஒரு முடிவுக்கு வந்தான். ஜப்பான் பெட்டியின் குரல் மெலிசு. வால்வின் கனம் இல்லாமல்தான் அவள் தடுமாறுகிறாள். அந்தக் கனத்தை எப்படியாவது திரும்பக் கொண்டுவர வேண்டும். ஷார்ஜாவில் இருக்கும் மச்சினன் லாரன்ஸுக்குப் போன் போட்டான்.

"மாமா, இப்பல்லாம் வால்வே தேவையில்ல. வால்வு மாதிரியே சத்தம் குடுக்குற சாஃப்ட்வேர் வந்துடுச்சி. கம்ப்யூட்டர்ல போட்டு, கீபோர்ட அதுல சொருவுனா போதும்" என்றான் லாரன்ஸ். சொன்னபடி மூன்று சாஃப்ட்வேரை சிடியில் அனுப்பியும் வைத்தான். எல்லாம் பார்த்துவிட்டு வாங்குகிற சாம்பிள்.

மகள் ரெஜினாவின் படிப்புக்கு வாங்கிய கம்ப்யூட்டர், அவள் ஹாஸ்டலுக்குப் போனதும் துணி போர்த்திக் கிடந்தது. கிளமெண்ட் துணியை உருவினான். போன கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் பதிவு செய்த கேசட்டை ஒரு பக்கம் ஓடவிட்டான், மறுபக்கம் சாஃப்ட்வேர். சாயங்கால டூட்டி இல்லாத நாளெல்லாம் இதே வேலை. கீறல் தேடுகிற அதே முகத்தோடு உட்கார்ந்துவிடுவான்.

முதலாவதுக்கு அவன் வைத்த பெயர் பாட்டில் தண்ணி. சுத்தம்தான், ருசியில்லை. பழைய ஆர்கனில் நாலைந்து கட்டையைச் சேர்த்து அமுக்கினால் பாரம் தாங்காமல் சத்தம் ஒரு கணம் அமுங்கி, பிறகு மூச்சு வாங்கி எழும். இது எத்தனை கட்டை அமுக்கினாலும் அசராமல் நின்றது. இரண்டாவது மூச்சு வாங்கியது, ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்குத் தாங்கவில்லை. கட்டையை இப்போது தொட்டால் சத்தம் நிதானமாக வந்து சேரும். அதற்குக் கடலூர் பாசஞ்சர் என்று பெயர். மூன்றாவது கிழவன். கீழ்க்கட்டைகளில் கரகரப்பு, அமுக்கினால் திணறல், விட்டால் ஒரு பெருமூச்சு. அடேயப்பா! கண்ணை மூடினால் வால்வு சூடேறும் வாசனையே வருவதுபோல் இருந்தது.

மூன்றிலுமே திரையில் இரைச்சலுக்கென்று ஒரு குமிழ் படம் போட்டிருந்தது. பழைய சாமானின் இரைச்சலையும் வேண்டுமட்டும் கூட்டிக்கொள்ளலாமாம். எந்தப் பைத்தியக்காரன் இரைச்சலைக் காசு கொடுத்து வாங்குவான்? மூன்றிலும் முதல் வேலையாக அவன் அந்தக் குமிழைத்தான் பூஜ்யத்தில் கொண்டுபோய் வைத்தான்.

கிழவனை லாரன்ஸ் முழுசாகவே வாங்கிக் கொடுத்தான். கம்ப்யூட்டரையும் கீபோர்டையும் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஒத்திகை வைத்தார்கள். பழைய ஆர்கனின் குரல் அப்படியே திரும்பி வந்ததைக் கேட்டுப் பெண்கள் வாயில் கைவைத்தார்கள். மதலேனா முகம் மலர்ந்தது. கண்ணை மூடினாள், எடுத்தாள். ஒட்டவில்லை. அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. "அனிஷா, நீ எடும்மா" என்று மட்டும் சொன்னாள்.

கிளமெண்டுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லாவற்றையும் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து, மறுநாள் கேசட்டை மறுபடி போட்டுவிட்டு, எங்கே கோட்டை விட்டோம் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தான். எப்போதும் பாட்டுக்கு முன்னால் இருக்கும் வெற்று நாடாவை ஓட்டித் தள்ளிவிட்டுத்தான் கேட்பான். அன்றைக்கு அதற்குக்கூட மனசில்லை. நாடா தன்பாட்டுக்கு ஓடியது. கோயிலின் இருமல்கள், நாற்காலி இழுபடும் ஓசை, அவற்றுக்கடியில் ஆர்கனின் அந்தப் பாழாய்ப்போன இரைச்சல்.

அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மதலேனா தன்னை அறியாமல் வருகைப் பாடலை முணுமுணுத்தாள். பாட்டு நாடாவில் இன்னும் தொடங்கவே இல்லை. கிளமெண்ட் கீபோர்டில் மெல்லத் தொட்டுப் பார்த்தான். இம்மி பிசகவில்லை.

கேசட்டை நிறுத்தினான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மொத அடிய இன்னொரு தபா பாடேன்" என்றான். பாடினாள். எங்கோ போயிற்று. மறுபடி நாடாவை ஓடவிட்டு அவளாக முணுமுணுக்கும்வரை காத்திருந்தான். சரியாக வந்து உட்கார்ந்தது.

இத்தனை வருஷமாக அவள் சுருதி எடுத்தது அந்த இரைச்சலிலிருந்து! அவளுக்கே தெரியாது. அவன் எதை அடக்கப் படாதபாடு பட்டானோ, எதைப் பூஜ்யத்தில் வைத்தானோ, அதுதான் அவளுடைய சுருதிப்பெட்டி. கிளமெண்ட் சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது? மாதா கொடுத்த வரம் என்று நம்புகிறவளிடம், அது கெட்டுப்போன பெட்டியின் முனகல் என்றா?

சொல்லவில்லை. அடுத்த ஒத்திகையில் குமிழைக் கூட்டி வைத்தான். மதலேனா எடுத்தாள், ஒட்டியது. பெண்கள் கைதட்டினார்கள். "பாத்தீங்களா, கொரலு எங்கியும் போவல" என்று வீட்டுக்கு வரும்போது சின்னப்பிள்ளை மாதிரி சொன்னாள். அவன் தலையை ஆட்டினான்.

திருவிழா நாள். ஆயரும் சாமியார்களும் சிலுவையோடு வாசலில் வரிசையாக நின்றார்கள். மணி அடித்தது, ஜனம் எழுந்தது, கரண்டு போனது. யுபிஎஸ் கீச் கீச்சென்று கத்தி, அதுவும் அடங்கிற்று. ஜெனரேட்டர்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். ஆயர் உள்ளே கால் எடுத்து வைத்துவிட்டார்.

மதலேனா கண்ணை மூடினாள். எடுக்கவில்லை. அவள் புருவம் சுருங்குவதைக் கிளமெண்ட் பார்த்தான். இல்லாத ஒன்றைத் தேடுகிறாள், எது இல்லை என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. அனிஷா திரும்பி மதலேனாவைப் பார்த்தாள்.

கிளமெண்ட் உதட்டை மூடிக்கொண்டான். அடித்தொண்டையிலிருந்து இரைந்தான். வாரக்கணக்காகக் கேட்டுக் கேட்டு ஊறிப்போன அந்த ஒரே சத்தம். பக்கத்துப் பெஞ்சில் சிரிப்பை அடக்கினார்கள். அவன் நிறுத்தவில்லை. மூச்சு முட்டியது, மறுபடி இழுத்தான்.

மதலேனாவின் புருவம் தளர்ந்தது. எடுத்தாள். கோயிலே அவள் பின்னால் எழுந்தது.

பூசை முடிந்து, தேருக்குப் பூ கட்டுகிற கூட்டத்துக்கு நடுவே அவள் அவனை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அந்த மொனகல் நீங்களா?"

"ம்."

"பழைய பொட்டி சத்தம் மாதிரியே இருந்துச்சு."

இனி மறைத்து ஆகப்போவதில்லை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவள் கையிலிருந்த பூவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். கண் கலங்கியது.

"அப்ப என் தொண்டையில ஒன்னும் இல்ல."

"உன் காதுல இருக்குது. அந்த எரச்சல இத்தினி பேரு கேட்டாங்க, அதுலேர்ந்து சுருதி யாரு எடுத்தாங்க? நானே அத ஓரம்போடத்தான பாத்தேன்?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"சிஸ்டரு உங்கள வாயத் தொறக்காதன்னுதான சொன்னாங்க? நீங்க தொறக்கவே இல்லியே. அடுத்த ஞாயித்துக்கெழம கரண்டு இருந்தாலும் நீங்களே மொனகுங்க. பொட்டியோட எரச்சல் வேணாம்."

அடுத்த ஞாயிறு ஜெபமாலை தொடங்கும்போது கிளமெண்ட் கம்ப்யூட்டரைப் போட்டான். இரைச்சல் குமிழைத் தானே பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டான்.