‘ஹ’வில் தொடங்கும் பாட்டுகள்

முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. ஜொகூரில், தெப்ராவ் ஆற்றை ஒட்டி ஒரு ஜப்பானியர் ரப்பர்த் தோட்டம். அங்கே துரை வீட்டில் நான் ஆயா வேலை பார்த்தேன். இருபத்திரண்டு வயது. தோட்டத்தில் என்னை வாயாடி என்பார்கள். பொய்யில்லை.

துரையும் துரைசானியும் எங்களோடு அரைகுறை மலாயில் பேசுவார்கள். அவர்களுடைய ஒரே மகளுக்கு ஐந்து வயது. என் இடுப்பிலேயே வளர்ந்த பிள்ளை என்பதால் எங்கள் கூலி லயத்துப் பிள்ளைகள் மாதிரியே தமிழ் பேசும், கெட்ட வார்த்தை உட்பட.

அந்த வீட்டில் ஒரு விளையாட்டு உண்டு. துரைசானி ஓர் எழுத்தைச் சொல்வார். அந்த எழுத்தில் பெயர் தொடங்கும் ஜப்பானியப் பாட்டு ஒன்றை ஒருவர் பாட வேண்டும். முடித்ததும் அடுத்தவர் அதே எழுத்தில் வேறொன்று பாட வேண்டும். பாட்டு வராமல் நின்றவர் மூக்கில் மை. கிராமபோன் கேட்டுக் கேட்டு நானும் அதில் சேர்ந்துகொண்டேன். என் எழுத்து ‘ஹ’. பூ, வசந்தம், தேனீ, பாலம் எல்லாமே அவர்கள் மொழியில் ‘ஹ’வில்தான் தொடங்குமாம், பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஏழு பாட்டு எனக்கு மனப்பாடம். ஒரு வரிக்கும் பொருள் தெரியாது, தெரிந்து என்ன ஆகப்போகிறது? குழந்தைக்கு எட்டுத் தெரியும். தோற்பது மட்டும் அதற்கு ஆகவே ஆகாது.

ஒருநாள் உச்சி வேளை. ரப்பர்க் கொட்டைகள் வெடித்துச் சிதறும் காலம். குழந்தை தூங்குகிறது என்று நம்பித் துணி காயப்போடப் போனேன். திரும்பி வந்தால் படுக்கை காலி. கொட்டை பொறுக்கப் போயிருக்கும் என்று வீட்டைச் சுற்றித் தேடினேன். ஆற்றுப் பக்கம் போகும் ஈர மண்ணில் சின்னக் காலடிகள் தெரிந்தன. கடல் தண்ணீர் ஆற்றில் ஏறும் நேரம் அது. கரையோரச் சதுப்புக் காட்டை ஒரு மணி நேரத்தில் ஆளுயரத்துக்கு மூழ்கடித்துவிடும். முதலையும் உண்டு.

நான் போட்ட கூச்சலில் கங்காணி ஓடிவந்தார். மரம் சீவுகிறவர்கள் எல்லோரும் வந்தார்கள். துரையும் துரைசானியும் செருப்புகூட இல்லாமல் ஓடிவந்தார்கள். எல்லோரும் குழந்தையின் பெயரைச் சொல்லிக் கத்தினோம். துரைசானிக்குத் தொண்டை கட்டிப்போய்விட்டது. பதிலே இல்லை. தண்ணீர் முட்டிவரை வந்துவிட்டது.

கங்காணி என் காதோரம் சொன்னார்: “மனசத் தேத்திக்க தங்கச்சி. உசுரோட இருந்தா இந்நேரம் கொரல் குடுத்திருக்கும்.”

அந்தச் சொல்தான் என்னை உலுக்கியது. கொடுக்காது! உயிரோடு இருந்தாலும் கொடுக்காது!

மத்தியானம் தூங்காமல் அடம்பிடித்த பிள்ளைக்கு நான்தான் சொல்லி வைத்திருந்தேன். “உச்சி வேளையில காட்டுக்குள்ள யாராச்சும் பேர் சொல்லிக் கூப்பிட்டா வாயத் தொறக்காத. அது முனி. அம்மா கொரல்ல கூப்பிடும், அப்பா கொரல்ல கூப்பிடும். ‘ஏன்’னு கேட்டியோ, கூட்டிக்கிட்டுப் போயிடும்.” லயத்தில் எந்தத் தாய் இதைச் சொல்லாமல் இருந்தாள்? நானும் சொன்னேன், நல்லா கண்ணை உருட்டிச் சொன்னேன்.

“யாரும் பேர் சொல்லாதீங்க! எல்லாரும் வாய மூடுங்க!” என்று கத்தினேன்.

“அலமாக்! பைத்தியமா புடிச்சிருக்கு ஒனக்கு?” என்றார் கங்காணி.

நான் கேட்கவில்லை. தண்ணீருக்குள் இறங்கி நின்று, ‘ஹ’வில் முதல் பாட்டை அடிவயிற்றிலிருந்து பாடினேன். முடித்தேன். சத்தமே இல்லை. “என்னா, பாட்டு வரலியா? மை கொண்டாறேன் இரு!” என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு இரண்டாவதைத் தொடங்கினேன். அழுகையில் ராகமெல்லாம் எங்கேயோ போனது. அதையும் முடித்து மூச்சு வாங்கும்போது, இடது பக்கத்து மரங்களுக்குள்ளிருந்து மெல்லிய குரலில் தேனீப் பாட்டு வந்தது.

ஒரு மரத்து வேரைக் கட்டிக்கொண்டு நின்றது குழந்தை. இடுப்பளவு தண்ணீர். நான் தூக்கிய பிறகும் பாட்டை முடிக்காமல் விடவில்லை. முடித்துவிட்டு, கரையேறியதும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொன்னது: “ஆயா, முனி அம்மா மாரியே கூப்பிட்டுச்சு. நான் வாயே தொறக்கல. முனிக்குப் பாட்டு தெரியாதுல்ல?”

துரைசானி பக்கத்திலேயே நின்றார். குழந்தை என்ன சொல்கிறது என்று மலாயில் கேட்டார். துரை என் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். “எதையாச்சும் சொல்லி மழுப்பிடு, வேல போயிடும்” என்று முணுமுணுத்தார் கங்காணி.

மழுப்பியிருக்கலாம். ஆனால் தொண்டை கட்டிப்போன அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல என் வாய்க்கே வரவில்லை. எனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். துரைசானி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “என் குரலுக்கா பயந்து ஒளிந்தாள்?” நான் தலையாட்டினேன். அவர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அழுத மாதிரி நான் என் கல்யாணத்துக்குக்கூட அழுததில்லை.

வேலை போகவில்லை. மறுநாள் துரைசானி என்னைக் கூப்பிட்டு, “நீ வைத்த பயத்தை நீயே எடு” என்றார். தினமும் உச்சி வேளையில் நானும் குழந்தையும் ரப்பர்க் காட்டு ஓரத்தில் நிற்போம். அவர் மரங்களுக்குப் பின்னால் போய் நின்று மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். குழந்தை என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாயைப் பொத்திக்கொள்ளும். “அம்மாதான்டா, சொல்லு” என்று நான் கெஞ்சுவேன். எட்டு நாள் அந்த அம்மாள் பதில் கிடைக்காமல் திரும்பி வருவதைப் பார்த்தேன். அதைவிட என்னை வேலையை விட்டு விரட்டியிருக்கலாம்.

ஒன்பதாம் நாள், ஒரு முறை கூப்பிட்டதும், “ஏம்மா!” என்று தமிழில் கத்தியது குழந்தை. துரைசானிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அந்த ஒரு சொல்லுக்கு ஓடிவந்தார்.

பிறகு நான் ஐந்து பெற்று வளர்த்தேன். பேய், முனி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன், இன்றைக்கும் போவேன். ஒரு நிமிஷத்தில் நான் வைத்த பயத்தை எடுக்க ஒன்பது மத்தியானம் ஆனது. அந்த ஒன்பது மத்தியானமும் பிள்ளை பக்கத்தில் நின்று, அந்தத் தாய் பட்ட பாட்டைப் பார்த்தவள் நான்.