முதலாளி வந்தால் பேசுவார்

விசா முடியப்போகிற வாரம். மவுண்ட் வெல்லிங்டனில் ஓர் இத்தாலியக் காபிக் கடையில், முந்தின நாளிலிருந்து சாப்பிடாத வயிற்றோடு வேலை கேட்டேன். காபி போட்டவர் நரைத்த, ஒல்லியான யாழ்ப்பாணத்து அக்கா. ஒவ்வொரு கோப்பையின் பிடியையும் வாங்குபவர் கைப்பக்கம் திருப்பி வைத்தார்.

எனக்கும் காபியும் கிரீம் பன்னும் வைத்தார். “நான் இத்தாலியில இருக்கேக்க காலமைச் சாப்பாடு இதுதான். அங்க எல்லாரும் நிண்டபடியே சாப்பிட்டுட்டுப் போயிடுவினம். சாப்பிடுங்கோ தம்பி, முதலாளி வந்தா பேசுவார்.”

வேலை பற்றிப் பேசுவார் என்று நம்பி, உட்கார்ந்து மெதுவாகத் தின்றேன். முதலாளி வந்தார். ஓசியில் கொடுத்ததற்காக எல்லோர் முன்னும் அக்காவைத் திட்டிவிட்டு உள்ளே போனார்.

“பேசுவார் எண்டு சொன்னனான்தானே,” என்றார் அக்கா. அவர்கள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது.

“அப்போ வேலை?”

“என்ர வேலையே இருக்குமோ தெரியாது. காபி ஆறிப்போக முதல் குடியுங்கோ.”