கழுத்து சொன்ன கணக்கு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் எனக்கும் ஒரே கொழுந்து பறிக்கும் வேலை, ஒரே சம்பளம். ஆனால் அவர் வீட்டில் மாதக் கடைசி வரை சாமான் இருக்கும்; என் வீட்டில் இருபதாம் திகதியே டப்பாக்கள் காலி. அந்த மாதம் மகளின் டியூஷன் காசையாவது மிச்சம் பிடித்துவிட வேண்டும் என்று அவரிடமே வழி கேட்டேன்.

"லுணுகலை கடையிலேர்ந்து ஆட்டோவுல வராத, சாமானைத் தலையில வச்சு நடந்து வா. கழுத்து வலிக்கும்னு தெரிஞ்சா கை தானா சுருங்கும்டி" என்றார்.

அது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. சம்பளத்தன்று கடையில் ஒவ்வொரு சாமானையும் தூக்கிப் பார்த்துத்தான் வாங்கினேன்.

"என்னம்மா, எங்க தராசு மேல நம்பிக்கை இல்லையா?" என்று கடைக்காரர் சிரித்தார்.

அரிசியையும் மாவையும் குறைத்துக்கொண்டு, தலைச்சுமையோடு மேடேறி வீடு வந்தேன். எண்ணிப் பார்த்தால் டியூஷன் காசில் ஆயிரம் ரூபாய் குறைந்தது! எப்படி என்று விளங்காமல் சாமான்களைத் தரையில் பரப்பி வைத்து அக்காவைக் கூப்பிட்டேன். அவர் தேத்தண்ணிக்கு நான் வாங்கிய இரண்டு பால்மா பாக்கெட்டுகளை எடுத்து ஆட்டிக் காட்டினார்.

"இது ஒண்ணு ஆயிரம் ரூபா, ஆனா கழுத்துக்குத் தெரியுமாடி? எங்க வீட்டுல பால் இல்லாத வெறும் சாயத்தண்ணிதான். அதனால இத சொல்லணும்னே எனக்குத் தோணல."

மறுநாள் ஒரு பாக்கெட்டைப் பிரிக்காமல் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். டியூஷன் காசு சரியாகிவிட்டது. இப்போதும் கடையில் எது இலேசாக இருக்கிறதோ, அதன் விலையைத்தான் முதலில் கேட்கிறேன்.