வாசலில் வெந்த சுண்ணாம்பு

வாசலில் வெட்டிய குழியில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது புகைந்து கொதிக்கும். மற்ற பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. திருவனந்தபுரத்தில் சர்க்கார் சிப்பந்திகளுக்கான லைன் வீட்டில் வளர்ந்த நாங்களோ அது யார் வாசல் என்று பார்க்க ஓடுவோம். மகாராஜா காலத்து வழக்கம் அது. குடியிருப்பவர் மாறும்போது மட்டுமே அந்த வீடுகளுக்கு வெள்ளையடிப்பார்கள். யார் வாசலில் குழி வெட்டுகிறார்களோ, அவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

என் அப்பா சர்க்கார் கச்சேரி ஆபீசில் டபேதார், சேவகர்களுக்குத் தலைவர். சிவப்புக் கச்சையும் பித்தளை வில்லையும் அணிந்து அவர் கிழக்கேகோட்டை வழியே நடந்தால் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒரே குறை, மழையில் ஊறிப் பச்சை பிடித்துக் கிடந்த எங்கள் வீட்டுச் சுவர். வெள்ளையடித்துத் தரும்படி மராமத்து ஓவர்சியரிடம் வருஷா வருஷம் கேட்பார். ஆள் மாறாமல் அடிக்கச் சட்டமில்லை என்று பதில் வரும்.

பிறகு பக்கவாதம் வந்து அவருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. லீவு தீர்ந்து, அவர் வேலைக்கு வேறு ஆளைப் போட்டார்கள். அம்மா அதை அவரிடம் சொல்லவில்லை. மூச்சு வாங்கிக் கிடக்கிற மனுஷர் டபேதாராகவே போகட்டும் என்று நினைத்தாள். அந்த நிலையில்தான் ஒரு காலை எங்கள் வாசலில் குழி வெட்டினார்கள்.

பக்கத்து வீட்டுக் குமாஸ்தாவின் பெண்சாதி ஓடி வந்தாள். "மதினி, அண்ணாச்சியத் தர்மாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க. இங்க வச்சு ஒண்ணு ஆச்சுன்னா, வரப்போறவங்க இந்த வீட்டுல பால் காய்ச்சுவாங்களா?"

"எங்க அடுப்புல இப்பம் கஞ்சி கொதிக்கி. நீங்க போயி உங்க அடுப்பப் பாருங்க" என்றாள் அம்மா.

உள்ளேயிருந்து அப்பா குழறிக் கேட்டார். "சுண்ணாம்பு வாசம் அடிக்கே. வெள்ளை யாருக்கு?"

"நமக்குத்தான்" என்றாள் அம்மா.

பாதி முகம்தான் சிரித்தது அவருக்கு. "பாத்தியா, டபேதாருக்காகச் சட்டத்தையே மாத்திட்டானுவ."

வெள்ளையடிக்க வந்த மலையாள மேஸ்திரி தயங்கினார். "அக்கா, ஆளு உள்ளே கிடக்கும்போ எங்ஙனே அடிக்கும்? ஓவர்சியர் ஏமான் என்னைக் கொல்லும்."

"கொன்னா நான் வந்து ஒப்பாரி வைக்கேன். நீரு முதல்ல அடுக்களைய முடிச்சிரும். சுண்ணாம்பு சுத்தி வரட்டும், நாங்களும் சுத்தி வாறோம்."

அப்படித்தான் நடந்தது. வெள்ளையடிக்கும் மட்டை ஓர் அறைக்குள் நுழையும்போது கட்டில் அடுத்த அறைக்குப் போகும். ஒரு முனையை அம்மாவும் நானும் பிடிப்போம், மறுமுனையை மேஸ்திரி பிடிப்பார். அப்பா கிடந்தபடியே வேலை வாங்கினார். "மூலைய விட்டுட்டான் பாரு" என்பார். மேஸ்திரியும் மறுபேச்சில்லாமல் மூலையில் இன்னொரு கை அடிப்பார். என் அப்பாவை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வேலை முடிந்து, முன்னறையின் ஈரம் காயாத சுவரோரம் அவர் கண் மூடினார். காரியம் முடிந்து நாங்கள் புறப்பட்டபோது, அவர் தலை சாய்ந்த இடத்தில் எண்ணெய்க் கறை தெரிந்தது. மறுபடி வந்திருந்த மேஸ்திரி அதன்மேல் ஒரு கை அடித்தார். அது காய்வதற்குள் புதுக் குடித்தனக்காரர்களின் பால் பானை வாசலுக்கு வந்துவிட்டது.

நிஜம் தெரிந்திருந்தால் அப்பா எங்களிடம் என்ன சொல்லிவிட்டுப் போயிருப்பார்? அம்மாவிடம் இதைக் கேட்க எனக்குக் கடைசிவரை துணிவு வரவில்லை.

போன வாரம் என் வீட்டு வாசலில் பெயிண்ட் டப்பாக்களை இறக்கினார்கள். பத்திரத்தில் கைநாட்டு வைக்க மாட்டேன் என்று, எழுத்துக் கூட்டப் பழகிக் கையெழுத்திட்டு நான் வாங்கிய வீடு இது. இப்போது எனக்கு அதிகம் நடமாட்டமில்லை. கட்டிலை அடுத்த அறைக்கு மாற்ற மகன் வந்தான்.

"யாருக்குடா பெயிண்ட்?" என்று கேட்டேன்.

"நமக்குத்தாம்மா" என்று சிரித்தான்.

நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.