நான்காம் தொட்டியில் மிதித்தவன்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். நானே எவன் பேச்சையும் நம்பாத ஆள். இது என் காதால் கேட்டது, என் கண்ணால் கண்டது.

ஓஸ்தியா துறைமுகத்தில் ஒரு சலவைக்கூடத்துக்கு என்னை விற்றார்கள். மூகபோர் என்று அப்பன் வைத்த பெயரை முதலாளி அன்றே தூக்கி எறிந்தார். "இனி நீ ஹிலாருஸ்." சிரித்த முகத்துக்காரன் என்று அர்த்தமாம். சிரிக்க என்ன இருந்தது? தெருமுனை ஜாடிகளில் போகிறவன் வருகிறவன் எல்லாம் பெய்த மூத்திரம், நாள்கணக்கில் புளித்தது. அதுதான் அங்கே அழுக்கெடுக்கும் காரம். அதில் நின்று பெரிய மனிதர்களின் வெள்ளைத் துணியை மிதிக்க வேண்டும். தின்கிற ரொட்டியிலும் அந்த நாற்றம்தான்.

வரிசையாக நான்கு தொட்டிகள். மூன்றில் ஆள் உண்டு. நான்காவதில் யாரும் இறங்குவதில்லை. ஏன் என்று பக்கத்துத் தொட்டி டாமாவைக் கேட்டேன்.

"வேலையப் பாருடா."

ஒருநாள், தேர்தலுக்கு நிற்கும் ஒருவரின் அங்கி என் தொட்டிக்கு வந்தது. மேஸ்திரி கிரெஸ்டுஸ் பிரம்பை ஆட்டினான்.

"சாயங்காலம் பால் மாதிரி வரணும். ஒரு பொட்டு அழுக்கு இருந்துச்சு, மாவு ஆலைக்குத்தான் மாப்ளே. கழுதைய அவுத்துட்டு உன்னக் கட்டுவான்."

வெறும் மிரட்டல் இல்லை. போன மாதம் ஒருவன் போனான். திரும்பவில்லை.

விடிந்ததிலிருந்து ஆறாம் மணி. உச்சி வெயில். மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தேன்.

சதக்... சதக்...

கொஞ்சம் பொறுத்துத்தான் உறைத்தது. எனக்கு இரண்டு கால். சத்தம் நான்கு காலுக்கு.

நின்றேன்.

சதக்... சர்ர்... சதக்... சர்ர்...

ஒரு கால் இழுபடுகிற சத்தம்.

உள்ளேயிருந்து மேஸ்திரி கத்தினான். "டேய் ஹிலாருஸ்! வேகமா மிதிடா!"

நான் அசையவில்லை.

நான்காம் தொட்டியில் வேகம் கூடியது.

சதக் சர்ர் சதக் சர்ர்...

அழுகிய சதை நாற்றம்.

எட்டிப் பார்த்தேன்.

ஆள் இல்லை.

அழுக்குத் தண்ணீர் மட்டும் குலுங்கியது...

மேஸ்திரியிடம் ஓடினேன். அவனோடு திரும்பியபோது சத்தமே இல்லை. என் தொட்டியில் இருந்த அங்கி வெளியே தரையில் விரிந்து கிடந்தது. நான் எடுத்துப் போடவில்லை. அதன் நடுவில், சீழும் ரத்தமுமாக, ஓர் இடது காலடி.

மாவு ஆலைதான், தீர்ந்தேன் என்று நினைத்தேன்.

மேஸ்திரி என் காலை இழுத்து அந்தத் தடத்தின் மேல் வைத்தான். என் காலில் ஐந்து விரல். தடத்தில் மூன்று.

பிரம்பு அவன் கையிலிருந்து விழுந்தது.

"யார்ட்டயும் மூச்சு விடாதே."

அவனே உட்கார்ந்து தேய்த்தான். அலசினான். வெளுக்கக் கந்தகப் புகை காட்டினான். அந்தப் பெரிய மனிதர் மறுநாள் அதைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டுக் கேட்டார்.

மேஸ்திரி செத்த பிறகுதான் டாமா வாயைத் திறந்தான்.

"உனக்கு முன்னாடி நாலாம் தொட்டியில ஒருத்தன் நின்னான். இடது கால் அழுகி ரெண்டு விரல் உதிர்ந்துபோச்சு. மேஸ்திரி விடல. மிதிச்சுக்கிட்டே செத்தான். அவன் காலடியில கெடந்த துணிய அலசி அன்னைக்கே குடுத்தனுப்புனோம்."

"அவன் பேர் என்ன?"

"முதலாளிக்குப் புதுப் பேர் யோசிக்கச் சோம்பல்டா. அவனும் ஹிலாருஸ்தான்."

செத்தவனையும் பெயர் சொல்லி அதட்டி மிதிக்க வைத்திருக்கிறார்கள். த்தூ.